உன் பேத்தியின் தோளில் ஏறிய ஒற்றைப் பட்டை

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாப்ளே,

நீ அனுப்பிய போட்டோவைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். எழிமலை கடற்படை அகாடமி மைதானம், நடுவில் வெள்ளை உடுப்பில் உன் பேத்தி. ஒரு தோளில் அவள் அப்பாவும் அம்மாவும், இன்னொரு தோளில் நீயும் தங்கச்சியும் பட்டை மாட்டுகிறீர்கள். உன் விரல் நடுங்கியது போட்டோவிலேயே தெரிகிறது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. நம் தெருவிலிருந்து கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அதிகாரியாகப் போகிற முதல் பெண் அவள்தான்.

என் சேதி: வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுவாரம் துறைமுகப் பக்கம் நடந்து போனேன். கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்று நின்றது. அதன் பின்பக்கம் நீலக் கொடி. அந்த நீலத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமும் புரையின் மஞ்சள் வழியாகவே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். நீலமும் சாம்பலும் ஒன்றாகிப் போயிருக்கின்றன, அது எனக்கே தெரியவில்லை. கடற்படையில் சிக்னல்காரனாகப் பதினைந்து வருஷம் கொடி பார்த்துச் சம்பளம் வாங்கியவனுக்கு நீலம் திரும்பக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பையன் ராணுவத்தில் கேப்டன், நம் பிள்ளை 'சப்' என்றல்லவா ஆரம்பிக்கிறாள், குறைந்த இடத்தில் போட்டுவிட்டார்களா என்று எழுதியிருந்தாய். அப்படி இல்லை மாப்ளே. ராணுவக் கேப்டனும் கடற்படைக் கேப்டனும் பெயரில் மட்டும்தான் ஒன்று. ராணுவத்தில் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல் என்று படிகள் ஏறும். அதே படிகளுக்குக் கடற்படையில் சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன் என்று பெயர். கடற்படையின் கேப்டன் ராணுவக் கர்னலுக்குச் சமம். எதிர்வீட்டுப் பையனுக்கும் நம் பிள்ளைக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு படி. அவள் லெப்டினன்ட் ஆகும் நாளில் அதுவும் இருக்காது.

தோளில் ஒரு பட்டை என்றால் சப் லெப்டினன்ட். இரண்டு என்றால் லெப்டினன்ட். இரண்டு தடித்த பட்டைக்கு நடுவே மெல்லியதாக ஒன்று ஓடினால் லெப்டினன்ட் கமாண்டர். கப்பலில் 'இரண்டரை' என்றே சொல்வோம். மூன்று கமாண்டர், நான்கு கேப்டன். மேல் பட்டையில் ஒரு சுருள் இருக்கிறதே, அது எதற்கு என்று தங்கச்சி கேட்டாளாம். பிரிட்டிஷ் கடற்படையில் 1856-இல் அதிகாரிகளுக்குத் தங்கப் பட்டைகள் வந்தபோது, கப்பலை நடத்திப் போரிடும் அதிகாரிகளுக்கு மட்டும் என்று அந்தச் சுருளை வைத்தார்கள். எஞ்சினியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அது கிடையாது. முதல் உலகப் போர்க் காலத்தில்தான் அந்த வேற்றுமை போயிற்று. இப்போது எந்தப் பிரிவு ஆனாலும் சுருள் உண்டு. நீ மாட்டிவிட்ட பட்டையிலும் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்.

இந்தப் பெயர்களை நான் பயிற்சியில் மனப்பாடம் செய்தபோது வெறும் படிகள் என்றே நினைத்தேன். ஏணியில் முதல் படி, இரண்டாம் படி என்பது போல. பிறகு ஒவ்வொன்றின் மூலத்தையும் தேடித் தெரிந்துகொண்டபோதுதான் வேறொன்று புரிந்தது. பல பெயர்கள் உயரத்தைச் சொல்லவில்லை, ஓர் ஆள் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன. லெப்டினன்ட் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்: 'லியூ' என்றால் இடம், 'தெனான்' என்றால் பிடித்திருப்பவர். மேலாள் இல்லாதபோது அவர் இடத்தில் நிற்கிறவர். சப் லெப்டினன்ட் அவருக்கும் அடுத்து நிற்பவர். மிட்ஷிப்மேன் என்ற பயிற்சி அதிகாரி, பாய்க்கப்பல் காலத்தில் கப்பலின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டவர். கேப்டனுக்கு மட்டும் லத்தீனில் 'தலை' என்று பொருள். நம் 'தலைவன்' மாதிரியேதான். இன்னொன்று: கப்பலை நடத்துகிறவர் லெப்டினன்ட் கமாண்டராகவே இருந்தாலும் அந்தக் கப்பலில் இருக்கிற எல்லோருக்கும் அவர்தான் கேப்டன். தோளில் பட்டை இரண்டரை, ஆனால் நிற்கும் இடம் தலை.

அட்மிரல் பதவிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'ரியர்' என்றால் பின்னால். பழைய ஆங்கிலக் கப்பற்படை மூன்று அணியாகக் கடலில் போகும். நடு அணியில் அட்மிரல், முன் அணியில் அவருக்கு அடுத்த வைஸ் அட்மிரல், கடைசி அணியில் ரியர் அட்மிரல். ஆபத்து முன்னால்தான் அதிகம் என்பதால் பின்னால் வருகிறவருக்கு மூன்றாம் இடம். இன்று ரியர் அட்மிரல் டெல்லியில் மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கடைசி அணி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்மிரல் என்ற சொல்லே அரபியின் 'அமீர்-அல்' என்பதிலிருந்து வந்தது. 'இன்னதன் தலைவன்' என்று தொடங்கும் தொடர் அது. கடல் என்ற சொல் வழியில் உதிர்ந்துவிட, 'தலைவன்' மட்டும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அரபு, பாரசீகச் சொற்கள் நம் பக்கமும் வந்தவைதானே. நாம் சொல்லும் 'சுக்கான்' அரபிச் சொல். கப்பலில் லஸ்கர்கள் என்ற நம் நாட்டு மாலுமிகளுக்கு மேலாளாக இருந்த 'சாரங்கு', பாரசீகத்தில் படைத்தலைவனைக் குறிக்கும் 'சர்ஹங்'. அந்தச் சாரங்குக்கு அடுத்து 'தண்டல்'. உன் அப்பாவை ஊரே தண்டல் என்றுதானே கூப்பிட்டது. தோணிக்கு அவர்தான் தலை. சின்ன வயசில் அதை அவர் பெயரென்றே நினைத்தேன். அது ஒரு பதவி. பிரிட்டிஷ் இந்தியக் கப்பல்களின் ஆள் கணக்கிலெல்லாம் அந்தப் பெயர் இருக்கிறது. உன் பேத்திதான் உங்கள் குடும்பத்தில் கடல் பதவி வாங்கிய முதல் ஆள் என்று எழுதியிருந்தாயே, அதைத் திருத்திக்கொள். இரண்டாவது ஆள்.

இனி கொடி. ரியர் அட்மிரலிலிருந்து மேலே இருப்பவர்களுக்கு 'ஃபிளாக் ஆபீசர்' என்று ஏன் பெயர் தெரியுமா? அவர் எந்தக் கப்பலில் இருக்கிறாரோ அதன் கொடிமரத்தில் அவருக்கென்று உள்ள கொடி பறக்கும். அந்தக் கப்பல்தான் 'ஃபிளாக்‌ஷிப்', நாம் கொடிக்கப்பல் என்கிறோம். அவர் வேறு கப்பலுக்கு மாறினால் கொடியும் மாறும். அட்மிரல் எங்கே நிற்கிறார் என்று தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கொடி. பதவியும் கொடியும் இரண்டு விஷயம் என்று நீ கேட்டிருந்தாய். எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. பதவி ஓர் ஆள் நிற்கும் இடம். அந்த இடத்தைக் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சொல்வது கொடி.

நான் வேலை பார்த்த சிக்னல் டெக்கில் கொடிகள் சுருட்டி அடுக்கிய லாக்கர் இருக்கும், ஒவ்வொரு கொடிக்கும் ஒரு பொந்து. கண்ணை மூடிக்கொண்டு கை போகும். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, இந்த ஐந்து நிறம்தான். கடலில் தூரத்திலிருந்து பிரித்தறிய முடிகிற நிறங்கள் அவ்வளவே. கப்பல்கள் அணியாகப் போகும்போது கொடிக்கப்பல் ஓர் உத்தரவை ஏற்றும். மற்றக் கப்பல்கள் அதே கொடிகளைத் தங்கள் மரத்தில் பாதி உயரத்துக்கு ஏற்றி நிறுத்தும். அதற்கு 'டிப்' என்போம். 'பார்த்துவிட்டேன், இன்னும் புரியவில்லை' என்று பொருள். புரிந்ததும் கொடி உச்சிக்குப் போகும். எல்லாக் கப்பலிலும் உச்சிக்குப் போன பிறகு, கொடிக்கப்பல் தன் கொடிகளை இறக்கும். இறங்கும் அந்தக் கணம்தான் 'செய்' என்பது. ஏற்றுவது உத்தரவு, இறக்குவது செயல். அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்கும்போது பதினெட்டு வயசுப் பையன் கையில் நாலைந்து கப்பல்களின் திருப்பம் இருக்கும். உள்ளங்கை வேர்த்துவிடும்.

அந்தப் 'பாதி உயரம்' எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். உன் பேத்திக்கும் இதைப் படித்துக் காட்டு. 1893 ஜூன் 22. லெபனான் கரையில் இருக்கிற திரிப்போலி நகருக்கு வெளியே பிரிட்டனின் மத்தியதரைக் கடற்படை இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரிசையின் தலையில் 'விக்டோரியா' என்ற போர்க்கப்பல், அதில் தளபதி வைஸ் அட்மிரல் ஜார்ஜ் ட்ரையன். மறு வரிசையின் தலையில் 'கேம்பர்டவுன்', அதில் ரியர் அட்மிரல் ஆல்பர்ட் மார்க்கம். இரண்டு வரிசைக்கும் இடையே 6 கேபிள், அதாவது சுமார் 1,100 மீட்டர். இரண்டு வரிசையும் ஒன்றை நோக்கி ஒன்று உள்பக்கமாக முழுதும் திரும்ப வேண்டும் என்று ட்ரையன் உத்தரவிட்டார். ஆனால் அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றும் முழுதாகத் திரும்புவதற்கே சுமார் 730 மீட்டர் வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார். 6 போதாது, 8 கேபிளாவது வேண்டும் என்று ட்ரையனின் ஆட்களே முன்னதாகச் சொல்லியிருந்தார்கள். அவரும் சரி என்றவர், பிறகு 6 என்றே சிக்னல் கொடுத்தார்.

மார்க்கம் கொடியைப் பார்த்தார். இது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரிந்தது. தன் கப்பலில் அந்தச் சிக்னலைப் பாதி உயரத்திலேயே நிறுத்தி வைத்தார். புரியவில்லை என்று அவர் மரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்போது கொடிக்கப்பலிலிருந்து கேள்வி வந்தது: எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? மொத்தக் கடற்படையும் பார்க்கக் கேட்ட கேள்வி அது. தளபதி தன்னைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகப் போவார் போலிருக்கிறது என்று மார்க்கம் தனக்குத் தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார். கொடி உச்சிக்கு ஏறியது. இரண்டு கப்பலும் உள்பக்கம் திரும்பின. கேம்பர்டவுனின் முனை விக்டோரியாவின் விலாவில் இறங்கியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, விக்டோரியா தலைகுப்புறப் போய்விட்டது. 358 பேர் செத்தார்கள், ட்ரையனும் அதில் ஒருவர். எல்லாம் என் தவறு என்று அவர் கடைசியில் சொன்னதாகத் தப்பியவர்கள் மால்டாவில் நடந்த விசாரணையில் சாட்சி சொன்னார்கள். 2004-இல் அந்தக் கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். மூக்கு மண்ணில் புதைந்து, பின்பக்கம் மேலே நிமிர்ந்து, செங்குத்தாக நிற்கிறது.

எங்களுக்கு இதைக் கொச்சி சிக்னல் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது, எல்லோரும் ட்ரையனைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அன்றும் இன்றும் மனசில் நிற்பது மார்க்கத்தின் கப்பலில் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த சிக்னல்காரன்தான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. பாதியில் நின்ற கொடி சரியாகத்தான் சொன்னது. மேலே ஏற்றிய பிறகுதான் அது பொய் சொன்னது. உன் பேத்தியிடம் சொல்: புரியவில்லை என்றால் கொடியைப் பாதியிலேயே நிறுத்தட்டும், எதிரே எத்தனை பட்டை நின்று முறைத்தாலும்.

நாம் சின்ன வயசில் பார்த்த மஞ்சள் கொடி ஞாபகம் இருக்கிறதா? புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால். பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி ஆழத்தில் நிற்கும், தோணிதான் சரக்கை ஏற்றி இறக்கும். ஒரு லீவு நாளில் உன் அப்பா நம் இருவரையும் தோணியில் கூட்டிப்போனார். கப்பல் மரத்தில் மஞ்சள் கொடி. அது இறங்கினால்தான் பக்கத்தில் போகலாம் என்று அவர் சொன்னதும், கப்பலில் காலரா இருக்கிறது என்று நீ சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாய். நானும் பொத்திக்கொண்டேன். பல வருஷம் கழித்துச் சிக்னல் பள்ளியில்தான் சரியான பொருளைப் படித்தேன். 'என் கப்பலில் எல்லோரும் நலம், துறைமுகத்துக்குள் வர அனுமதி வேண்டும்' என்பதுதான் அந்தக் கொடி. நமக்கும் முந்திய காலத்தில் மஞ்சள் என்றால் கொள்ளைநோய்தான். அதனால் ஊர்ப் பயம் வீணும் இல்லை. பிறகு வந்த சர்வதேசச் சிக்னல் முறையில் பொருள் திரும்பிவிட்டது. சுகாதார அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் கொடி இறங்கும்.

எழுத்துக்கு ஒன்று என்று 26 கொடி, எண்களுக்குப் பத்து நீள்முக்கோணக் கொடி, இன்னும் நாலு. எல்லாவற்றையும் எழுதினால் உனக்குக் கண் வலிக்கும். இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள். நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் இருந்தால், 'கப்பல் கிளம்புகிறது, கரையில் இருப்பவர்கள் ஏறுங்கள்'. மூலைக்கு மூலை சாய்வாகப் பாதி சிவப்பு பாதி மஞ்சள் என்றால் ஆள் கடலில் விழுந்துவிட்டான். நெடுக்காகப் பாதி வெள்ளை பாதி சிவப்பு என்றால் துறைமுக வழிகாட்டி, அதாவது பைலட், கப்பலில் இருக்கிறார். இது நம் துறைமுகத்தில் இன்றும் அடிக்கடி தெரியும், பேரன் வந்தால் காட்டு. சுத்தச் சிவப்பு வெடிபொருள் மாதிரி ஆபத்தான சரக்குக்கு.

அப்புறம், நான் பார்த்த நீலக் கொடி. அட்மிரல்களின் மூன்று அணி என்றேனே, அந்த அணிகளுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தனித்தனிக் கொடி இருந்தது. போர்ப் புகையில் குழப்பம் என்று 1864-இல் அதை ஒழித்து, வெள்ளையைக் கடற்படைக்கும், சிவப்பை வணிகக் கப்பலுக்கும், நீலத்தை அரசின் மற்றக் கப்பல்களுக்கும் பிரித்தார்கள். நம் நாட்டிலும் அந்தப் பங்கீடு அப்படியே தங்கிவிட்டது. மூலையில் மூவண்ணத்தோடு கடற்படைக்கு வெள்ளை, வணிகக் கப்பலுக்குச் சிவப்பு, கடலோரக் காவல்படைக்கு நீலம். ஒரே துறைமுகத்தில் மூன்றும் நிற்கும் நாளில் அந்தப் பழைய மூன்று அணியும் நம் கண் முன்னால் நிற்கிறது.

கடற்படைக் கொடியில் எனக்கு ஒரு கருத்து உண்டு. 1950 ஜனவரி 26 அன்று மூலையிலிருந்த பிரிட்டன் கொடி போய் மூவண்ணம் வந்தது, ஆனால் நடுவில் செயின்ட் ஜார்ஜ் சிலுவை என்ற இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவை அப்படியே நின்றது. என் சர்வீஸ் முழுக்க அதைத்தான் காலை எட்டு மணிக்கு ஏற்றினேன். 2001-இல் சிலுவையை எடுத்து நீலத்தில் கடற்படைச் சின்னத்தை வைத்தார்கள். வானத்தோடும் கடலோடும் அந்த நீலம் கலந்துவிடுகிறது, தூரத்தில் தெரியவில்லை என்று 2004-இல் சிலுவையே திரும்பி வந்தது, நடுவில் அசோகச் சின்னத்தோடு. கடைசியில் 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் படையில் சேர்த்தபோது இப்போதைய கொடி வந்தது. எண்கோணம், தங்க விளிம்பு, உள்ளே நங்கூரம். சிவாஜியின் முத்திரையை வைத்து வரைந்தது. சிலுவை அந்நிய அரசின் அடையாளம், போனது சரிதான். ஆனால் சிக்னல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், கொடியின் முதல் கடமை தூரத்திலிருந்து தெரிவது. அழகும் வரலாறும் அதற்குப் பிறகுதான். 2004-இல் பின்வாங்கியதை வெட்கமாக நினைக்காமல் பின்வாங்கினார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கொடியில் 'சம் நோ வருணஹ' என்று ஒரு வரி இருக்கிறது. வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்று பொருள். கடற்படைக்கு அந்த வரியைச் சொன்னவர் ராஜாஜி. நம் பக்கத்துத் தொடர்பு இன்னொன்றும் உண்டு. 1958 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் அட்மிரலிடமிருந்து பொறுப்பு வாங்கி, இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தளபதி ஆன ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். அவர் வைஸ் அட்மிரல். தளபதி பதவி முழு அட்மிரலாக உயர்ந்தது 1968-இல்தான். உன் பேத்தி அவர் பெயரை அகாடமியில் கேட்டிருப்பாள்.

எனக்கு எல்லாக் கொடியிலும் நெருக்கமானது ஒரு மெல்லிய வால்தான். போர்க்கப்பல் படையில் சேரும் நாளில் மரத்தின் உச்சியில் ஒரு நீண்ட ஒல்லிக் கொடி ஏறும். தேசக்கொடி துறைமுகத்தில் மாலையில் இறங்கிவிடும், இது இரவும் பகலும் அங்கேயே இருக்கும். காற்றில் கிழிந்தால் மாற்றுவோம், மரம் வெறுமையாக இருக்கக்கூடாது. கப்பலை ஓய்வு பெறச் செய்யும் நாளில், சூரியன் மறையும்போது கடைசியாக அது இறங்கும். நான் பயிற்சி முடித்து ஏறிய முதல் கப்பலுக்கு அந்த நாள் வந்தபோது பழைய ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பியூகிள் ஊதினார்கள். கொடியை இறக்கிய பையனுக்கு இருபது வயசு இருக்கும், மிகவும் நிதானமாக இறக்கினான். அரைப் பனை உயரம் இறங்குகிற வரை நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. மடித்து கேப்டன் கையில் கொடுத்ததும் அது கப்பல் இல்லை, வெறும் இரும்பு. இத்தனைக்கும் அதே இடத்தில்தான் நின்றது.

அதனால் உன் பேத்தியிடம் ஒரு வேலை சொல். முதல் கப்பலில் ஏறும் நாளில் சல்யூட் எல்லாம் முடிந்த பிறகு, தலையை நிமிர்த்தி மரத்தின் உச்சியைப் பார்க்கச் சொல். அந்த வால் கிழியாமல் இருக்கிறதா என்று எனக்கு எழுதட்டும். எந்தக் கப்பல் என்று தெரிந்ததும் பெயரை எழுது.

பனிமய மாதா திருவிழாவுக்கு இந்த வருஷமாவது வந்துவிடு. ஆகஸ்ட் 5 வரை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். நீ வரும்போது இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கும், சாயங்காலம் துறைமுகப் பக்கம் சேர்ந்து நடப்போம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய கூட்டாளி